ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: வைஃபை எங்கே போனது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு மாறலாமென்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும். இன்டெல் பிராசசராக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். 2016, 2017 வாக்கில் வாங்கிய ஆறாம், ஏழாம் தலைமுறை லேப்டாப்புகள் அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டன. அவற்றில் எத்தனையோ இன்னும் நல்ல நிலையில் இருப்பவை. ஒரு எஸ்எஸ்டி மாட்டி, ராமை 8 ஜிபி ஆக்கினால் படிப்புக்கும் எழுத்துக்கும் நிரல் பழகுவதற்கும் பல வருடம் தாங்கும். விண்டோஸை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்தில் லினக்ஸையும் நிறுவிக்கொள்ளலாமே என்று பலர் யோசிப்பது இதனால்தான்.

தமிழ்நாட்டுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த பல கணினிகளில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அங்கே எல்லாம் ஏற்கெனவே பொருத்தப்பட்டு வந்தது. இப்போது வீட்டில் உட்கார்ந்து நாமே செய்கிறோம் என்பதுதான் வேறுபாடு.

நிறுவுவது பெரிய வேலை இல்லை. உபுண்டுவையோ லினக்ஸ் மின்ட்டையோ பென்டிரைவில் ஏற்றி, நாலைந்து கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். வேதனை அதற்குப் பிறகு தொடங்குகிறது. வைஃபை பட்டியல் காலியாக இருக்கிறது, அல்லது ஸ்பீக்கரில் சத்தமில்லை, அல்லது திரை கறுத்துப்போய் நிற்கிறது. ‘லினக்ஸ் நம்ம லேப்டாப்புக்கு ஒத்துவராது’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இந்த முடிவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். வைஃபை வரவில்லை என்பது ஒரே கோளாறு அல்ல. சாதனம் தன்னைத் தெரிவிக்காமல் இருக்கலாம். தெரிவித்தும் அதற்கான டிரைவர் இல்லாமல் இருக்கலாம். டிரைவர் இருந்தும் ஃபர்ம்வேர் இல்லாமல் போகலாம். எல்லாம் இருந்தும் அனுமதி மறுக்கப்படலாம். இந்த நான்கு கண்ணிச் சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது என்பதைக் கணினி எழுதியே வைத்திருக்கிறது. அதைப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் எழுவது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. மதர்போர்டில் ஒரு சிறிய ஃபிளாஷ் சிப்பில் குடியிருக்கும் யூஇஎஃப்ஐ என்ற நிரல். 1981-இல் வந்த ஐபிஎம் பிசியின் பயாஸுக்குப் பதிலாக வந்தது இது. இன்டெல் தன் ஐட்டேனியம் சர்வர்களுக்காக 1990-களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கியது; 2005-இல் பல நிறுவனங்கள் சேர்ந்த யூஇஎஃப்ஐ ஃபோரத்தின் பொறுப்புக்கு வந்தது.

பயாஸ் காலத்தில் இரண்டு இயங்குதளங்களை ஒரே டிஸ்கில் வைப்பது உண்மையிலேயே சிக்கலான காரியம். டிஸ்கின் முதல் 512 பைட்டுகள்தான் எல்லாவற்றுக்கும் வாசல். அதில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கு, 64 பைட்டுகள் பார்ட்டிஷன் பட்டியலுக்கு, கடைசி 2 பைட்டுகள் அடையாளத்துக்கு. அந்த 446 பைட்டுகளில் ஒருவர்தான் இருக்க முடியும். விண்டோஸை மறுபடி நிறுவினால் லினக்ஸின் தொடக்க நிரல் அழிந்துபோகும். பட்டியலிலும் நான்கே பதிவுகளுக்குத்தான் இடம். ‘விண்டோஸ் வந்தால் லினக்ஸ் போய்விடும்’ என்ற பயம் அந்தக் காலத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வருவது.

யூஇஎஃப்ஐ இந்த நெரிசலைத் தீர்த்துவிட்டது. டிஸ்கில் ஃபேட்32 வடிவில் ஒரு சிறு பார்ட்டிஷன் இருக்கும்; விண்டோஸ் தானாக உருவாக்கினால் வழக்கமாக 100 எம்பி. அதற்குள் மைக்ரோசாஃப்ட்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர் என்று ஆளுக்கொரு இடம். யாரை முதலில் எழுப்புவது என்ற வரிசை மதர்போர்டின் நினைவகத்தில் தனியாக இருக்கிறது. விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்றுக்குப் பிறகு லினக்ஸ் மெனு வராமல் நேராக விண்டோஸ் திறந்தால், பெரும்பாலும் எதுவும் அழிந்திருக்காது, வரிசை மாறியிருக்கும். எஃப்2-ஐயோ, அந்தந்த லேப்டாப்புக்குரிய வேறு விசையையோ அழுத்தி உள்ளே போய் உபுண்டுவை மேலே ஏற்றினால் முடிந்தது. லினக்ஸை மறுபடி நிறுவத் தேவையே இல்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். பூட் மெனுவில் அதே பென்டிரைவ் சில லேப்டாப்புகளில் இரண்டு முறை தெரியும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் நிறுவப்பட்டிருக்கும்போது லினக்ஸைப் பழைய முறையில் நிறுவிவிட்டால், ஒரே மெனுவிலிருந்து இரண்டையும் திறக்க முடியாது. எப்போதும் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

டிஸ்கைத் தொடும் முன் முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்கில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்வது எல்லோருக்கும் தெரிந்த அறிவுரை. அதே அளவு முக்கியமான இன்னொன்றை யாரும் அழுத்திச் சொல்வதில்லை: விண்டோஸின் டிஸ்க் மறையாக்க வசதியான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி. புதிய லேப்டாப்புகள் பலவற்றில் டிஸ்க் முழுவதும் மறையாக்கம் செய்யப்பட்டிருப்பது உரிமையாளருக்கே தெரியாது. அந்த மறையாக்கத்தின் சாவியை டிபிஎம் சிப் வைத்திருக்கிறது. கணினி எழும்போது நடப்பவற்றை அளந்து பார்த்து, எல்லாம் பழையபடி இருந்தால்தான் சாவியை வெளியே விடும். செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு அமைப்பை மாற்றினாலோ, தொடக்க வரிசையில் புதிய ஆள் வந்தாலோ அளவு பொருந்தாமல் போகலாம். உடனே நீலத்திரையில் 48 இலக்கங்களையும் கேட்கும். சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். ஆனால் எந்த மின்னஞ்சலில் அந்தக் கணக்கைத் தொடங்கினோம் என்பதே பலருக்கு நினைவிருக்காது. ஆகவே முதலில் அந்தச் சாவியைக் கண்டுபிடித்துத் தாளில் எழுதி வைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்தது, விண்டோஸ் 8-இலிருந்து தொடரும் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’. அது இயங்கும்போது ‘ஷட் டவுன்’ கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் மையப்பகுதியான கர்னலின் நிலையை டிஸ்கில் ஒரு கோப்பாக எழுதிவிட்டுத் தூங்குகிறது. மறுநாள் அதை எடுத்துப் படித்துச் சட்டென்று எழுகிறது. இடையில் லினக்ஸ் வந்து அதே சி டிரைவில் எதையாவது எழுதினால், விண்டோஸ் தன் நினைவில் வைத்திருக்கும் டிஸ்க் ஒன்றாகவும் உண்மையான டிஸ்க் வேறாகவும் ஆகிவிடும். கோப்புகள் சிதைவது இப்படித்தான். அந்த ஆபத்தைத் தவிர்க்கவே லினக்ஸ் அந்த டிரைவைப் படிக்க மட்டும் திறக்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது. கோளாறு என்று பலர் நினைக்கும் இந்த மறுப்பு உங்கள் கோப்புகளைக் காப்பாற்றுகிறது. கன்ட்ரோல் பேனலின் பவர் பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்திவிட்டால் சரியாகிவிடும்.

இடம் பிரிப்பதை ஒரு சர்வே எண்ணை உட்பிரிவு செய்வதோடு ஒப்பிடலாம். நிலம் இருந்த இடத்திலேயே இருக்கும். எல்லைகள் பதிவேட்டில்தான் மாறும். டிஸ்கிலும் பார்ட்டிஷன் பட்டியல் என்ற பதிவேடுதான் மாறுகிறது. அதனால்தான் தவறுதலாக ஒரு பார்ட்டிஷனை நீக்கிவிட்டாலும், அதன்மேல் எதையும் எழுதாதவரை மீட்க வழியுண்டு. சி டிரைவில் ஏராளமாக இடம் காலியாக இருந்தும் விண்டோஸ் கொஞ்சமே பிரித்துத் தருகிறதென்றால், மனையின் நடுவில் கிணறு இருப்பதுபோல நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருக்கின்றன என்று பொருள். ஹைபர்னேஷன் கோப்பு, பேஜ் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் பதிவுகள் ஆகிய மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி கேட்டால் பெரும்பாலும் தாராளமாகத் தரும். இந்தச் சுருக்கும் வேலையை விண்டோஸுக்குள்ளிருந்தே செய்வது நல்லது. அதன் பார்ட்டிஷனின் உள்விவரம் அதற்குத்தான் முழுதாகத் தெரியும்.

சில இன்டெல் லேப்டாப்புகளில் இன்னொரு தடங்கல்: லினக்ஸ் நிறுவியின் கண்ணுக்கு டிஸ்கே தெரியாது. யூஇஎஃப்ஐயில் டிஸ்க், ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்ற முறையில் வைக்கப்பட்டிருப்பது காரணமாக இருக்கலாம். அதை ஏஎச்சிஐ முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் சட்டென்று மாற்றினால் விண்டோஸ் எழாது, ஏனென்றால் தொடக்கத்தில் அது ஏற்றிக்கொள்ளும் டிஸ்க் டிரைவர் பழைய முறைக்கானது. முதலில் விண்டோஸை அடுத்த முறை சேஃப் மோடில் எழும்படி அமைத்து, பிறகு யூஇஎஃப்ஐயில் முறையை மாற்றி, ஒருமுறை சேஃப் மோடில் திறந்தால் புதிய டிரைவரை அது பிடித்துக்கொள்ளும். இந்த வரிசை தெரியாமல் பதறிப்போய் விண்டோஸையே அழித்து நிறுவியவர்கள் நிறைய பேர்.

இனி டிரைவர். விண்டோஸில் பழகிய கை, லினக்ஸிலும் லேப்டாப் கம்பெனியின் தளத்துக்குப் போய் வைஃபை டிரைவரைத் தேடும். அங்கே அநேகமாக எதுவும் கிடைக்காது. லினக்ஸில் ஆயிரக்கணக்கான டிரைவர்கள் கர்னலின் மூல நிரலோடு சேர்ந்தே வளர்கின்றன, சேர்ந்தே வெளியாகின்றன. எனவே ‘டிரைவர் இருக்கிறதா?’ என்ற கேள்வியின் உண்மையான வடிவம் ‘எந்தக் கர்னல் பதிப்பு?’ என்பதுதான். ரியல்டெக்கின் 8852பிஇ என்ற வைஃபை 6 சிப்புக்கான டிரைவர் கர்னல் 6.2-இல் சேர்ந்தது. இன்னொரு லினக்ஸ் விநியோகமான டெபியன் 12 வெளியானது 6.1 கர்னலோடு; உபுண்டு 24.04 வெளியானது 6.8-ஓடு. ஒரே லேப்டாப், ஒரே சிப். முன்னதில் வைஃபை இருக்காது, பின்னதில் தானாக வரும். புது லேப்டாப்புக்குப் புதுக் கர்னல் என்பது இதனால்தான். பத்து வருடப் பழைய லேப்டாப்பில் இந்தப் பிரச்சினை வெகு அபூர்வம்.

கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு பிசிஐ சாதனமும் தன் நினைவகத்தின் தொடக்கத்தில் இரண்டு எண்களைச் சுமக்கிறது. முதலாவது தயாரித்த நிறுவனத்தின் எண், இரண்டாவது சாதனத்தின் எண். பத்து இலக்கங்களோடு ஆறு ஆங்கில எழுத்துகளும் சேர்ந்த பதினாறு அடிமான எண்கள் இவை. இன்டெல்லின் நிறுவன எண் 8086. 1978-இல் அது வெளியிட்ட புகழ்பெற்ற பிராசசரின் பெயரேதான். கர்னல் எழுந்ததும் ஒவ்வொரு சாதனத்திடமும் இந்த எண்களைக் கேட்டு வாங்குகிறது. எந்தெந்த எண்களை நான் கவனித்துக்கொள்வேன் என்று ஒவ்வொரு டிரைவரும் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பொருந்தினால் டிரைவர் ஏறும், பொருந்தாவிட்டால் சாதனம் சும்மா கிடக்கும். அட்டைப்பெட்டியில் அச்சடித்த பெயருக்கோ, லேப்டாப்பின் மாடலுக்கோ இங்கே வேலையே இல்லை.

டெர்மினலைத் திறந்து எல்எஸ்பிசிஐ என்ற கட்டளையை என்என்கே என்ற மூன்று எழுத்துகளோடு கொடுத்தால் இந்த விவரம் முழுவதும் வரும். ஒரு உண்மையான உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பிராட்காமின் 43142 என்ற வைஃபை சிப், சென்ற பத்தாண்டின் மலிவு விலை லேப்டாப்புகள் பலவற்றில் வந்தது. கட்டளையைக் கொடுத்தால் அதன் பெயர், அருகே அடைப்புக்குள் 14இ4:4365 என்ற எண், கீழே ‘பயன்பாட்டிலுள்ள கர்னல் டிரைவர்’ என்ற பொருளில் ஒரு வரி, அதன் எதிரே பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ். டிரைவர்தான் இருக்கிறதே, பிறகு ஏன் வைஃபை வரவில்லை என்று இந்த இடத்தில் குழம்புவார்கள். அந்தப் பிரிட்ஜ் பிராட்காம் சிப்பின் வெளிக்கதவைத் திறப்பது மட்டும்தான். சிப்புக்கு உள்ளே உண்மையான ரேடியோ பகுதி தனியாக இருக்கிறது. அதை இயக்கும் டிரைவர் கர்னலில் இல்லை. ஆக சாதனம் உயிரோடு இருக்கிறது, தன்னைத் தெரிவித்தும் விட்டது. சங்கிலி இரண்டாவது கண்ணியில் அறுந்திருக்கிறது. இவ்வளவும் மூன்று வரிகளில் தெரிந்துவிட்டது.

இதற்குத் தேவை டபிள்யூஎல் என்ற பிராட்காமின் சொந்த டிரைவர். அதன் முக்கியப் பகுதி மூடிய நிரல். அதைச் சுற்றியுள்ள மெல்லிய உறை மட்டும் திறந்தது. கர்னலோடு வராததால், ஒவ்வொரு முறை கர்னல் மாறும்போதும் உங்கள் கணினியிலேயே அதைப் புதிதாகத் தொகுக்க வேண்டும். உபுண்டுவில் ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ என்ற சாளரம் இதைச் செய்துகொடுக்கும். அதைத் தரவிறக்க இணையம் வேண்டும், இணையத்துக்கு வைஃபை வேண்டும். லேன் போர்ட்டே இல்லாத லேப்டாப் என்றால் இங்கேயே பலர் நின்றுவிடுகிறார்கள். கையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கைப் போட்டுவிடுங்கள். போனை ஒரு நெட்வொர்க் கார்டாக ஏற்கும் டிரைவர் கர்னலில் முன்பே இருக்கிறது. சில நொடிகளில் இணையம் வந்துவிடும்.

டிரைவர் இறங்கியது, தொகுத்தும் முடிந்தது. அப்போதும் வைஃபை வராமல் போகலாம். இப்போது காரணம் வேறு, அனுமதி மறுப்பு: செக்யூர் பூட். 2012-இல் விண்டோஸ் 8-ஓடு பரவலான இந்த ஏற்பாட்டில், நம்பகமான கையெழுத்து இல்லாத தொடக்க நிரலை யூஇஎஃப்ஐ ஓடவிடாது. லேப்டாப்புகளில் பொதுவாக இருப்பது மைக்ரோசாஃப்ட்டின் சாவிகள். அதனால் லினக்ஸ் தரப்பில் மேத்யூ காரெட் ஷிம் என்ற சிறு நிரலை எழுதினார். ஷிம்முக்கு மைக்ரோசாஃப்ட் கையெழுத்திடும். ஷிம்முக்குள் உபுண்டு போன்ற விநியோகத்தின் சாவி இருக்கும். அந்தச் சாவியால் கிரப் என்ற தொடக்க மெனு நிரலும் கர்னலும் அதனோடு வரும் டிரைவர்களும் சரிபார்க்கப்படும். உங்கள் கணினியில் நீங்களே தொகுத்த டபிள்யூஎல் டிரைவரில் உபுண்டுவின் கையெழுத்து எப்படி இருக்கும்? இருக்காது. எனவே டிரைவரை நிறுவும்போதே உபுண்டு உங்கள் கணினிக்கென்று தனிச் சாவி ஒன்றை உருவாக்கி, ஒரு கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது. அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத்திரை ஒன்று வந்து அந்தச் சாவியைப் பதிவுசெய்யவா என்று கேட்கும். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தானாகவே போய்விடும். என்னவோ ஏதோ என்று பயந்து அதைக் கடந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். ‘என்ரோல் எம்ஓகே’ என்ற தேர்வை எடுத்து, கொடுத்த அதே கடவுச்சொல்லைத் தட்டினால் சாவி பதிவாகிவிடும். தவறவிட்டால் டிரைவரைக் கைமுறையாக ஏற்றிப் பாருங்கள். சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் ஒரு வரி வரும். அதுதான் தடயம்.

செக்யூர் பூட்டையே அணைத்துவிடு என்ற அறிவுரை எளிதாகக் கிடைக்கும். வேலை நடக்கும்தான். ஆனால் பிட்லாக்கர் இருந்தால் 48 இலக்கக் கேள்வி வரும். நல்ல பாதுகாப்பு ஒன்றையும் இழக்கிறோம். சாவியைப் பதிவுசெய்ய ஐந்து நிமிடம் செலவிடுவதே சரி என்பேன். அதே வேளையில், இந்தக் கையெழுத்துச் சங்கிலி ஒரே நிறுவனத்தின் கையில் தொடங்குவதன் விலையையும் பார்த்தோம். 2024 ஆகஸ்டில் விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட் ஒன்று, பழைய ஷிம் பதிப்புகளை யூஇஎஃப்ஐ மறுக்கும்படி செய்தது. இரட்டை நிறுவல் உள்ள கணினிகளுக்கு அது போகாது என்று சொல்லப்பட்டிருந்தும் போனது. பலருடைய லினக்ஸ் ஒரே நாளில் எழ மறுத்தது. அவர்கள் தரப்பில் ஒரு தவறும் இல்லை.

இடையில் விட்டுவந்த மூன்றாவது கண்ணி ஃபர்ம்வேர். இன்டெல் வைஃபை சிப்புகளின் டிரைவர் திறந்த நிரல், கர்னலிலேயே இருக்கிறது. ஆனால் சிப்புக்குள் இருக்கும் குட்டிப் பிராசசர் ஓடுவதற்குத் தனி நிரல் வேண்டும். நிரந்தரமாகச் சேமிக்கும் நினைவகம் அந்தச் சிப்பில் இல்லாததால், கணினி ஒவ்வொரு முறை எழும்போதும் டிரைவர் அந்தக் கோப்பை டிஸ்கிலிருந்து எடுத்துச் சிப்புக்குள் ஏற்ற வேண்டும். கோப்பு இல்லையென்றால் டிமெஸ்ஜி என்ற கட்டளை தரும் பதிவில், இன்ன பெயருள்ள கோப்பை ஏற்ற முடியவில்லை என்று கோப்பின் பெயரோடு எழுதியிருக்கும். லினக்ஸ்-ஃபர்ம்வேர் என்ற தொகுப்பை நிறுவினால் தீர்ந்தது. அந்தக் கோப்புகளின் மூல நிரல் வெளியாவதில்லை என்பதால், முழுச் சுதந்திர மென்பொருளையே தருவோம் என்ற டெபியன் அவற்றைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் வெகுகாலம் சேர்க்கவில்லை. 2022-இல் உறுப்பினர்கள் வாக்கெடுப்பு நடத்தி, சேர்க்கலாம் என்று முடிவெடுத்தார்கள். 2023-இல் வந்த டெபியன் 12-இலிருந்து அவை உள்ளேயே வருகின்றன. கொள்கையை அவர்கள் எளிதாக விட்டுக்கொடுக்கவில்லை. வைஃபையே வராத கணினியில் சுதந்திரத்தை யார் அனுபவிப்பது என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடினார்கள் என்றே நினைக்கிறேன்.

சிப் தயாரிப்பாளர் விவரக்குறிப்பை வெளியிட மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கும் பிராட்காம் சிப்புகளின் வரலாறே சாட்சி. 2000-களில் ஒருவழியும் இல்லாமல், விண்டோஸுக்கான வைஃபை டிரைவரையே லினக்ஸுக்குள் ஓடவைக்கும் என்டிஸ்ராப்பர் என்ற உபாயம் புழங்கியது. இன்னொரு பக்கம் பழைய பிராட்காம் சிப்புகளுக்காகத் தன்னார்வலர்கள் இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து, சிப் எப்படி நடந்துகொள்கிறது என்பதை விவரக்குறிப்பாக எழுதியது. மூல டிரைவரைப் பார்க்காத மற்றொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக டிரைவர் எழுதியது. பதிப்புரிமைச் சிக்கல் வராமல் இருக்கத்தான் இத்தனை பாடு. பி43 என்ற டிரைவர் பிறந்தது இப்படி. 2010-இல் பிராட்காம் சில சிப்புகளுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. 43142 அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. சில பக்க ஆவணம் வெளியாகியிருந்தால் எத்தனை லேப்டாப்புகள் மூலையில் முடங்காமல் இருந்திருக்கும் என்று நினைத்தால் கோபம்தான் வருகிறது.

அந்தச் சிப்போடு மல்லுக்கட்டப் பொறுமை இல்லாதவர்களுக்கு எளிய வழி ஒன்றுண்டு. லேப்டாப்பின் அடிப்பக்கத்தைத் திறந்தால், பல மாடல்களில் வைஃபை கார்டு தனிப்பலகையாக ஒரே ஒரு திருகாணியில் நிற்கும். மெல்லிய ஆன்டெனா ஒயர்கள் சிறு பொத்தான்போல் அதில் மாட்டியிருக்கும். அதைக் கழற்றி, அதே அளவுள்ள சாதாரண பிசிஐஇ வகைக் கார்டு ஒன்றை மாட்டலாம். இன்டெல் ஏஎக்ஸ்210 அப்படிப்பட்டது. ஏஎக்ஸ்201-ஐ வாங்கிவிட வேண்டாம். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தாலும் அது குறிப்பிட்ட இன்டெல் சிப்செட்டுகளோடு மட்டும் சேரும் வேறு ரகம். சில பழைய லேப்டாப்புகள் தங்கள் பட்டியலில் இல்லாத கார்டை மறுக்கும் என்பதையும் வாங்கும் முன் விசாரித்துக்கொள்ள வேண்டும். ப்ளூடூத்தும் பெரும்பாலும் அதே கார்டில்தான் இருக்கிறது. ஆகவே ஒன்று சரியானால் இரண்டும் சரியாகும்.

என்விடியா கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப்பில் தொடக்கத்திலேயே திரை கறுத்தால் பதற வேண்டாம். கிரப் மெனுவில் ஆங்கில ‘இ’ விசையை அழுத்தி, கர்னல் வரியின் இறுதியில் நோமோட்செட் என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்தால், கிராஃபிக்ஸ் டிரைவரை ஏற்றாமல் எளிய திரையோடு எழும். உள்ளே போய் உரிய டிரைவரை நிறுவிக்கொள்ளலாம். கர்னலில் இருக்கும் நூவோ டிரைவர் ஆராய்ந்து எழுதப்பட்ட இன்னொரு தன்னார்வப் படைப்பு. 2014-இல் வந்த இரண்டாம் தலைமுறை மேக்ஸ்வெல் சிப்புகளிலிருந்து என்விடியா தன் கையெழுத்திட்ட ஃபர்ம்வேரைக் கட்டாயமாக்கியதும், அந்தச் சிப்புகளின் வேகத்தை உயர்த்தும் வழி நூவோவுக்கு அடைபட்டது. 2022-இல்தான் என்விடியா தன் கர்னல் டிரைவரின் மூல நிரலைத் திறந்தது. அதுவும் டியூரிங் தலைமுறை முதலான சிப்புகளுக்கு மட்டும். 2016-இன் 940எம்எக்ஸ் போன்ற மேக்ஸ்வெல் சிப் வைத்திருப்பவர்கள் பழைய மூடிய டிரைவரையே நம்ப வேண்டும். அவற்றுக்கு 580 வரிசைதான் கடைசி. புதிய எண் நல்லது என்று அதற்கு மேற்பட்டதை நிறுவினால் கிராஃபிக்ஸ் வேலை செய்யாது.

கடிகாரம் டிரைவர் கோளாறு அல்ல, ஆனால் எல்லோரையும் ஒருமுறையாவது திகைக்க வைப்பது. இரவு 9 மணிக்கு லினக்ஸை மூடிவிட்டு விண்டோஸைத் திறந்தால் மாலை 3:30 என்று காட்டும். சரியாக ஐந்தரை மணி நேரம். மதர்போர்டின் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. உலகப் பொது நேரத்தையே மதர்போர்டில் வைக்கும்படி விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் மாற்றலாம். அல்லது உள்ளூர் நேரத்தை ஏற்கும்படி லினக்ஸுக்கு டைம்டேட்சிடிஎல் கட்டளையால் சொல்லலாம். இரண்டாவது வழியை லினக்ஸ் ஆவணங்கள் விரும்புவதில்லை. கோடையிலும் குளிரிலும் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் குழப்பம் வரும் என்பது முக்கியக் காரணம். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வழக்கம் இல்லை என்பதால் நமக்கு எளிதான அந்த வழியே போதும்.

சத்தம் வராத லேப்டாப்பில் நடப்பது இன்னும் நுட்பமானது. ஒலிச் சிப் பெரும்பாலும் ரியல்டெக் தயாரித்தது. கர்னலுக்கு அதை நன்றாகவே தெரியும். ஆனால் அந்தச் சிப்பின் எந்தக் காலில் ஸ்பீக்கர், எதில் மைக், ஆம்ப்ளிஃபயரை எப்படி எழுப்புவது என்பதை ஒவ்வொரு லேப்டாப் கம்பெனியும் தன் விருப்பப்படி அமைத்திருக்கும். விண்டோஸ் டிரைவருக்குள் அந்தத் தகவல் ஒளிந்திருக்கும். லினக்ஸுக்கு யாரும் சொல்வதில்லை. அதற்காகக் கர்னலின் ரியல்டெக் டிரைவரில் நீண்ட பட்டியல் ஒன்று வளர்ந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு வரியிலும் ஒரு லேப்டாப் மாடலின் துணை எண், அதன் பெயர், அதற்குத் தேவையான திருத்தம். அந்த வரிகளில் பலவும், யாரோ ஒரு பயனர் தன் லேப்டாப்பின் எண்ணையும் கர்னல் பதிப்பையும் டிமெஸ்ஜி பதிவையும் அனுப்பி, டெவலப்பர் சொன்னதைச் சோதித்துப் பார்த்து ‘இப்போது சத்தம் வருகிறது’ என்று உறுதிசெய்த பிறகு சேர்ந்தவை. ‘சவுண்ட் வரல’ என்று மட்டும் எழுதினால் யாராலும் உதவ முடியாது. அந்த மூன்று விவரங்களையும் சேர்த்துத் தந்தால், அதே மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் அடுத்த கர்னல் பதிப்பில் ஸ்பீக்கர் தானாகவே வேலை செய்யக்கூடும்.